விங்குக்கு இன்னொரு ஆள்

வெள்ளிக்கிழமை மாலை ஐந்தேகாலுக்குக் குளிர்கிடங்கின் சங்கு ஊதியது. கொஞ்ச நேரத்தில் வீட்டுக் கதவை முழங்கையால் தள்ளிக்கொண்டு மாப்பிள்ளை உள்ளே வந்தான். கைகள் இரண்டும் அக்குளில் இருந்தன.

அவன் மனைவி அடுப்பிலிருந்து வெந்நீரை இறக்கினாள். பச்சைத்தண்ணீர் கலந்து, முழங்கையை விட்டுப் பார்த்தாள். வெதுவெதுப்புக்கு மேல் போகக்கூடாது. விரல் மரத்துப்போனவனுக்குத் தோல் வெந்தாலும் தெரியாது. அவள் தெருமுனை மருத்துவமனையில் கட்டுப் போடுகிறவள். கிடங்கு ஆட்களின் கை அவளுக்குப் பழக்கம்.

"கையை விடு."

"இரு."

"இருந்தா ஆறிடும்."

"விட்டா வலிக்கும்."

"வலிச்சா நல்லது. விடு."

அவன் கைகளைத் தண்ணீருக்குள் வைத்துவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். உயிர் திரும்பும்போதுதான் வலிக்கும். ஆயிரம் எறும்பு ஒன்றாகக் கடிப்பதுபோல் இருக்கும் என்பான். அன்று வலதுகையின் கடைசி இரண்டு விரல்களில் எறும்பு வரவில்லை.

கிடங்கினுள் மைனஸ் இருபத்திரண்டு. தடித்த கோட்டும் இரட்டைக் கையுறையும் கொடுப்பார்கள். ஆனால் மீன்பெட்டிக்குப் பட்டை கட்டும்போது வலதுகைக் கையுறையைக் கழற்றியாக வேண்டும். கையுறையோடு பட்டை கொக்கியில் நுழையாது. பெட்டிக்குப் பெட்டி கழற்றி மாட்டிக்கொண்டிருந்தால் வேலை ஓடாது. ஆகவே வலதுகை வெறுங்கையாகவே இருக்கும். கிடங்கில் பழைய ஆட்கள் எல்லோரும் இடதுகையால் சாப்பிடுகிறவர்கள்.

அவள் புடவையில் குத்தியிருந்த ஊசியை எடுத்தாள்.

"கண்ணை மூடு. எங்க குத்தறேன், சொல்லு."

"கட்டைவிரல்."

"இப்ப?"

"ஆள்காட்டி."

"இப்ப?"

"குத்து. ஏன் நிறுத்திட்டே?"

அவள் குத்தியிருந்தாள். மோதிரவிரலின் நுனியில் ரத்தம் ஒரு பொட்டு நின்றது. அவன் கண்ணைத் திறப்பதற்குள் அதைத் துடைத்துவிட்டாள்.

கல்யாணமான புதிதில் அவளுடைய அண்ணன் வீட்டுக்குக் குடிவந்தவன் அவன். அண்ணன் "மாப்ளே" என்று கூப்பிட, கிடங்கு முழுக்க அதுவே பெயராயிற்று. அண்ணனுக்கு அங்கே கொக்கு என்று பெயர். நல்ல உயரம், ஒல்லி, ஒற்றைக்காலில் எம்பிப் பந்து போடுகிறவன். இரண்டு அறைகள், நடுவில் சமையல்கட்டு. ஓர் அறை கொக்குக்கும் அவன் மனைவிக்கும். மற்றது இவர்களுக்கு.

கொக்கு வரும்போது கழுத்தைத் துடைத்துக்கொண்டே வந்தான்.

"என்னா வெயில்! வாசல்ல நிக்க முடியல."

மாப்பிள்ளை ஈரக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

கிடங்குக்கு ஒரு கூடைப்பந்து அணி உண்டு. மேலாளருக்கு அதில் பைத்தியம். அணியில் இருப்பவனை உள்ளே அனுப்பமாட்டார்கள். விரல் மரத்தவன் பந்தைப் பிடிக்க முடியாது என்பதால் வாசலில் லாரி எடைமேடையில் போடுவார்கள். அங்கே ஒரு நாற்காலி, ஒரு மரம், நாள் முழுக்க வெயில். அணியில் ஏழு பேர். ஆட ஐந்து பேர், பெஞ்சில் இரண்டு பேர். பெஞ்சில் இருந்த இரண்டு பேரும் வளையத்துக்கு அடியில் முட்டுக்கட்டையாக நிற்கும் தடியன்கள். மைதானத்தின் ஓரமாகவே ஓடி, மூலையிலிருந்து பந்தைப் போடுகிற விங்குக்கு மாற்று ஆள் கிடையாது. கொக்கு ஒருவன்தான். ஆட்டம் தொடங்கி முடியும்வரை அவனே ஓடுவான்.

"அண்ணா, கம்ப்ரஸர்காரர்கிட்ட சொன்னியா?"

கிடங்கைக் குளிரவைக்கும் கம்ப்ரஸரை ஓட்டுகிறவர்தான் அணிக்குப் பயிற்சியாளர்.

"சொன்னேன்."

"என்ன சொன்னாரு?"

"என்ன சொல்வாரு? ஆளு போதும்கறாரு."

"பெஞ்சில ஒரு இடம்தானே கேக்கறோம்?"

"பெஞ்சு என்ன உங்கப்பன் வீட்டு ஊஞ்சலா?"

"எங்கப்பன்தானே உனக்கும்?" என்றாள்.

மாப்பிள்ளை சிரித்தான். "பெஞ்சு வேண்டாம் மச்சான். தரையில உட்காரச் சொன்னாக்கூட உட்காருவேன். வெயில்ல இருந்தா சரி."

"பார்க்கலாம் மாப்ளே. அடுத்த வருஷம் பார்க்கலாம்."

சென்ற ஆண்டும் இதையேதான் சொன்னான்.

*

திங்கட்கிழமை கம்ப்ரஸர்காரர் முன்கையில் சுடுகுழாய் பட்ட புண்ணோடு மருத்துவமனைக்கு வந்தார். மருந்து தடவி அவர் கையை மடியில் வைத்துக்கொண்டு அவள் கட்டுப் போட்டாள். அவர் ஊசிக்குப் பயந்தவர். பயத்தை மறைக்க ஓயாமல் பேசினார்.

"நல்ல நேரத்துல சுட்டுக்கிட்டேன். பதினஞ்சு நாள்ல இறுதி ஆட்டம். துறைமுகத்துக்காரன் விங்குக்கு மூணு பேரு வெச்சிருக்கான்மா, மூணு பேரு. ஒருத்தன் களைச்சா ஒருத்தன். எனக்கு உங்கண்ணன் ஒருத்தன்தான். கடைசி அஞ்சு நிமிஷம் நாக்குத் தள்ளிடுது அவனுக்கு."

"வேற ஆளு வெச்சுக்கறதுதானே?"

"நான் மாட்டேன்னா சொன்னேன்? ஒரு வருஷமா உங்கண்ணன்கிட்டத் தலைபாடா அடிச்சுக்கறேன். உள்ள வேலை செய்யறவங்கள்ல ஒருத்தனைப் பார்த்துச் சொல்லுய்யான்னு. எல்லாவனும் தண்டம்ங்கறான்."

அவள் துணியை இன்னொரு சுற்றுச் சுற்றினாள்.

"எங்க வீட்டுக்காரர் ஆடுவாரே."

"யாரு, மாப்பிள்ளையா? அவரு நல்லா போடுவாருன்னு நானும் கேள்விப்பட்டேன். ஆனா கண்ணு சரியில்லையாமே? உங்கண்ணன்தான் சொன்னான். பாவம், பந்து வர்றதே தெரியாதுன்னு."

கத்தரிக்கோல் துணியில் பாதி ஓடி நின்றது. பிறகு மீதியும் ஓடியது.

"என்னைப் பார்த்துக் கட்டிக்கிட்டாரே, அதை வெச்சுச் சொல்லியிருப்பான்" என்றாள்.

கம்ப்ரஸர்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். கை ஆடியது. "ஆடாதீங்க" என்றாள். எழுந்திருக்கும்போது அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"அப்ப கண்ணு நல்லாத்தான் இருக்கா?"

"ஊசியில நூல் கோத்துக் குடுப்பாரு."

"நாளைக்கு அவரை மைதானத்துக்கு வரச் சொல்லு. மேலாளர் வேற கிளையிலேர்ந்து ஒருத்தனை வரவழைக்கறேங்கறாரு. வீட்டுல ஆளை வெச்சுக்கிட்டு வெளியில தேடுவானேன்?"

*

இரவுச் சாப்பாட்டுக்கு நான்கு பேரும் உட்கார்ந்தார்கள். சோறு, முட்டை, நேற்றைய குழம்பு. அவள் அண்ணனுக்குக் கரண்டியைச் சாய்க்கும்போது கேட்டாள்.

"இவருக்குக் கண்ணு எப்பத்திலேர்ந்து தெரியல?"

கொக்கு வாயில் இருந்ததை மென்று விழுங்கினான்.

"யாரு சொன்னா?"

"நீ யார்கிட்டச் சொன்னியோ அவரு."

அண்ணி தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது.

"சொன்னேன்" என்றான் கொக்கு. "அதுக்கென்ன இப்ப?"

"ஒரு வருஷம் உள்ள நின்னிருக்காரு. ரெண்டு விரலு செத்துப்போச்சு."

"என் முட்டியில எத்தனை தடவை நீர் எடுத்தாங்க? நீதானே பாத்திரத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னே? பெஞ்சில இன்னொரு விங்கு உட்கார்ந்தான்னா, நான் நொண்டற அன்னைக்கு அவன் எந்திரிப்பான். அவன் எந்திரிச்சா நான் எங்க உட்காருவேன்? பெஞ்சிலயா? நொண்டியை எவன் பெஞ்சில வெச்சுக்குவான்? உள்ள போடுவான். இந்த வயசுல, இந்த முட்டியோட, பெட்டி தூக்கச் சொல்றியா?"

"இவரு தூக்கறாரே."

"அவன் சின்னவன்."

"விரல்ல என்ன சின்னது பெரிசு?"

அண்ணி இப்போது பேசினாள். "விரலுதானே? ரெண்டு போனாலும் எட்டு இருக்கு. காலு அப்படியா?"

சமையல்கட்டில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை இடதுகையால் சோற்றை அள்ளிக்கொண்டிருந்தான். அவன் பக்கம் யாரும் பார்க்காததால் அண்ணியின் கணக்கைச் சரிபார்ப்பவன்போல் தன் வலதுகையைத் தட்டுக்குப் பக்கத்தில் விரித்துப் பார்த்தான்.

"நாளைக்கு அவரு வரச் சொல்லியிருக்காரு" என்றாள் அவள். "நீ வேண்டாம்னாலும் வருவாரு."

கொக்கு கையைக் கழுவிவிட்டு வந்தான். முகம் தெளிந்திருந்தது.

"வரட்டும். நான் ஏன் வேண்டாம்கறேன்? ஷிஃப்ட் முடிஞ்ச உடனே நேரா மைதானத்துக்கு வந்துடு மாப்ளே. நானே பந்து போடறேன்."

"உடனேன்னா? கை சூடாக வேண்டாமா?"

"கம்ப்ரஸர்காரரு அப்பதான் இருப்பாரு. அப்புறம் அவரு மிஷினைப் பார்க்கப் போயிடுவாரு. வேணும்னா சொல்லு, இல்லேன்னா விடு."

"வர்றேன் மச்சான்" என்றான் மாப்பிள்ளை.

*

மைதானம் கிடங்கின் பின்பக்கம் இருந்தது. சிமென்டுத் தரை. ஒரு வளையத்துக்கு வலை உண்டு, மற்றதற்கு இல்லை. மீன்தண்ணீர் ஓடும் கால்வாய் பக்கத்தில்தான். சங்கு ஊதியதும் மாப்பிள்ளை புருவத்தில் வெள்ளைப் பனி அப்பியபடி வெளியே வந்தான். கோட்டைக் கழற்றி வேலியில் போட்டான். உள்வேலை ஆட்கள் பத்துப் பதினைந்து பேர் கைகளை அக்குளில் செருகிக்கொண்டு வேடிக்கை பார்க்க நின்றார்கள். அவர்களில் ஒருவன் வெயிலுக்குப் போகப் போகிறான் என்றால் பார்க்க வேண்டும்.

"மாப்ளே, பொண்ணு பார்க்க வந்தவன் மாதிரி நிக்காதே. ஓடு!"

"வழியில கால்வா இருக்கு மாப்ளே. கண்ணு தெரியாதாமே உனக்கு?"

செய்தி பரவியிருந்தது. கொக்கும் அவர்களோடு சேர்ந்து சிரித்தான்.

கம்ப்ரஸர்காரர் கட்டுப்போட்ட கையோடு மைதானத்தின் எல்லைக்கு வெளியே நின்றார். "மூலைக்கு ஓடு. வாங்கு. போடு. அவ்வளவுதான்."

மாப்பிள்ளை ஓடினான். முதல் பந்தைக் கொக்கு தரையில் தட்டி மெதுவாகக் கொடுத்தான். மாப்பிள்ளை அதை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டான். அதுதான் அவனால் முடிந்தது. விரல்கள் விறகுபோல் இருந்தன. எம்பிப் போட்டான். பந்து வலையைக் கீறிக்கொண்டு இறங்கியது. வேலியோரம் ஒரு சத்தம் எழுந்தது.

"மணிக்கட்டு, பார்த்தீங்களா, மணிக்கட்டு" என்றார் கம்ப்ரஸர்காரர் யாரிடமோ.

அடுத்ததும் விழுந்தது. அதற்கடுத்ததும்.

கொக்கு இரண்டு எட்டு முன்னால் வந்தான். பந்தை நெஞ்சுக்கு நேரே பிடித்து, இரண்டு கைகளாலும் தள்ளி வீசினான். ஆட்டத்தில் அப்படி வீசுவது உண்டு. ஆனால் அவ்வளவு கிட்டத்திலிருந்து வீசமாட்டார்கள். பந்து மாப்பிள்ளையின் வலதுகை விரல்நுனிகளில் பட்டது. சுள்ளி முறிகிற சின்னச் சத்தம். மோதிரவிரல் நடுக்கணுவில் பக்கவாட்டில் திரும்பி நின்றது.

மாப்பிள்ளைக்குத் தெரியவில்லை. நழுவிய பந்தைக் குனிந்து எடுத்தான், எம்பினான், போட்டான். விழுந்தது.

கொக்கு விரலைப் பார்த்தான். பிறகு முகத்தைப் பார்த்தான். முகத்தில் வலி இல்லை. சிரித்துக்கொண்டிருந்தது. கொக்கு பந்தை வாங்கி மறுபடியும் வீசினான். முன்னைவிட வேகமாக.

சோதனை முடியும்வரை மாப்பிள்ளை எல்லாப் பந்தையும் போட்டான். கொக்கு வீசினான், அவன் போட்டான். வேலியோரத்து ஆட்கள் கை தட்ட முடியாததால் காலால் தரையைத் தட்டினார்கள்.

"இவரையா குருடன்னே?" என்றார் கம்ப்ரஸர்காரர்.

"வயசாயிடுச்சு சார். மாத்திச் சொல்லிட்டேன் போல."

"நாளையிலேர்ந்து வாசலுக்கு வாங்க மாப்பிள்ளை. மேலாளர்கிட்ட இப்பவே போய், வேற கிளை ஆளெல்லாம் வேண்டாம்னு சொல்லிடறேன்."

மாப்பிள்ளை கும்பிட்டான். அப்போதுதான் ஒரு விரல் மற்றவற்றோடு சேராமல் தனியாக நிற்பதைக் கண்டான். யாரும் பார்ப்பதற்குள் கையை அக்குளில் செருகிக்கொண்டான்.

*

வீட்டில் வெதுவெதுப்பான தண்ணீரில் கை இருந்தது. அவன் சுவர்ப்பக்கம் திரும்பவில்லை. மனைவியிடம் ஒவ்வொரு பந்தாகச் சொல்லிக்கொண்டிருந்தான். பாதியில் குரல் மாறியது. பிறகு கத்தினான். பக்கத்து வீட்டில் ஜன்னல் திறந்து மூடியது.

மருத்துவமனையில் மருத்துவர் விரலை இழுத்து நேராக வைத்தார். எலும்பு முறிந்திருக்கிறது, சேர ஆறு வாரம் ஆகும் என்றார். அவளே கட்டினாள். உடைந்த விரலை நடுவிரலோடு சேர்த்து, தோல்நிறப் பட்டையால், தூரத்திலிருந்து தெரியாதபடி மெல்லியதாக.

திரும்பி வரும்போது கொக்கு வாசலில் நின்றிருந்தான்.

"பட்டுடுச்சா?"

"நீ பார்த்தியா, பட்டபோது?"

கொக்கு செருப்பைக் காலால் ஒதுக்கினான்.

"பார்த்தியான்னு கேட்டேன்."

"பார்த்தேன்."

"அப்புறமும் வீசினே."

"அவன் வலிக்குதுன்னு சொல்லலியே."

"சொல்லியிருப்பேன் மச்சான்" என்றான் மாப்பிள்ளை. "எனக்கே தெரியல."

உள்ளே போய் உட்கார்ந்தார்கள். அண்ணி தேநீர் கொண்டுவந்து வைத்தாள். மருத்துவர் சொன்னதை மாப்பிள்ளை சொன்னான்.

"ஆறு வாரம்னா எப்படி ஆடுவான்?" என்றான் கொக்கு. "பந்தைத் தொட முடியாது. நாளைக்கே கம்ப்ரஸர்காரர்கிட்டச் சொல்லிடறதுதான் மரியாதை."

"சொல்லு."

"நான் அதுக்குச் சொல்லல—"

"சொல்லுன்னுதான் நானும் சொல்றேன். நீ விரலைச் சொல்லிட்டு வா. பின்னாலேயே நான் போய் உன் முட்டியைச் சொல்றேன். எத்தனை தடவை நீர் எடுத்தது, டாக்டர் என்ன சொன்னாரு, எல்லாம் சொல்றேன். வேற கிளையிலேர்ந்து ரெண்டு பேரை வரவழைக்கட்டும். நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து உள்ள போங்க. ஒருத்தருக்கு ஒருத்தர் துணை."

"பார்த்தீங்களா" என்றாள் அண்ணி. "கூடப் பொறந்தவ பேசற பேச்சை."

"அண்ணி, அந்தக் கத்தரிக்கோலை இப்படிக் குடுங்க."

அவள் அண்ணனின் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்தாள். முட்டி பலாக்கொட்டைபோல் பளபளத்து வீங்கியிருந்தது. புதுக் கட்டுத்துணியைப் பிரித்து, கீழிருந்து மேலாகச் சுற்றத் தொடங்கினாள். சிறுவயதிலிருந்தே அவனுக்கு அடிபட்டால் அவள்தான் கட்டுவாள். வேறு யார் கட்டினாலும் அவிழ்த்துவிடுவான்.

"இறுதி ஆட்டம் முடியற வரைக்கும் நீ அவர் விரலைப் பத்திப் பேசாதே. நான் உன் முட்டியைப் பத்திப் பேசமாட்டேன். நீ ஆடு. அவரு உட்காரட்டும்."

"நடுவுல எனக்கு முடியலேன்னா?"

"முடியணும்."

அவள் முடிச்சைப் போட்டாள்.

*

மறுநாள் கம்ப்ரஸர்காரரிடம் அவளே போய்ப் பேசினாள். சின்னச் சுளுக்கு, ஆட்டத்தன்றுவரை பந்து வேண்டாம், நான் பொறுப்பு என்றாள். கட்டுப் போடுகிறவள் சொன்னால் அவர் கேட்பார். ஆளைக் காட்டியாயிற்று, ஆள் பெஞ்சில் இருக்கிறான், அது போதும் அவருக்கு. பார்த்தவரிடமெல்லாம் விங்கைப் பற்றியே பேசினார். ஒரே வீட்டில் இரண்டு விங்கு. ஒன்று போனால் ஒன்று. இறுதி ஆட்டம் நல்லபடியாக முடிந்தால் அடுத்த ஆண்டும் இதே எட்டுப் பேர்தான் என்று மேலாளர் வாக்குக் கொடுத்துவிட்டார்.

இத்தனை நாள் கொக்கைப் பார்த்துப் பார்த்து ஓடவைத்தவர் இப்போது கணக்குப் பார்க்காமல் ஓடவைத்தார்.

"ஓடு கொக்கு. எதுக்கு மிச்சம் வெக்கறே? அதான் மாத்து ஆளு இருக்கே!"

கொக்கு ஓடினான். பயிற்சி முடிந்து வரும்போது வீட்டுப்படி ஏறுவதற்குக் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டான். அண்ணி கொக்கின் முட்டிக்காக எடுத்துவைத்த வெந்நீரை மாப்பிள்ளையின் கண்முன்னாலேயே கொண்டுபோனாள். மாப்பிள்ளைக்கு வெந்நீர் தேவைப்படவில்லை.

அவன் எடைமேடையில் உட்கார்ந்தான். லாரி வரும், எடையைக் கத்துவான், லாரி போகும். மீதி நேரம் வலதுகையை வெயிலில் விரித்து முட்டியின்மேல் வைத்துக்கொள்வான். கழுத்து கறுத்தது. சாப்பாட்டு நேரத்தில் உள்வேலை ஆட்கள் வெளியே வந்து அவன் நாற்காலியைச் சுற்றி நிற்பார்கள்.

"எப்படி மாப்ளே இருக்கு?"

"வேர்க்குது."

"வேர்க்குதாம்டா!" என்று ஒருவன் மற்றவனிடம் சொல்வான். அவன் கையைப் பிடித்துத் தங்கள் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார்கள். இடதுகையைத்தான் கொடுப்பான்.

இறுதி ஆட்டத்துக்கு முன்தினம் அவள் ஊசியை எடுத்தாள்.

"கண்ணை மூடு."

"ஆ!"

"எங்க?"

"சுண்டுவிரல். மெதுவாக் குத்துடி, விரலா பலகையா?"

அவள் ஊசியை மறுபடியும் குத்தினாள். அவன் மறுபடியும் கத்தினான். இருவரும் சிரித்தார்கள். அடுத்த அறையில் பேச்சு நின்றது. அண்ணன் முட்டியை மடக்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறான் என்பது அவளுக்குத் தெரியும். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். பிறகு மறுபடியும் சிரித்தாள்.

*

அரங்கு நிறைந்திருந்தது. கிடங்கு ஆட்கள் ஒரு பக்கம், துறைமுகத்து ஆட்கள் ஒரு பக்கம். பெஞ்சுக்கு நேர் பின்னால், முதல் படியில், அவளும் அண்ணியும் உட்கார்ந்திருந்தார்கள். காலையில் ஒரே உருளைத் துணியிலிருந்து கணவன் விரலுக்கும் அண்ணன் முட்டிக்கும் அவள் கட்டியிருந்தாள். மாப்பிள்ளை கழுத்துவரை ஜிப் ஏற்றிய மேற்சட்டையோடு பெஞ்சின் கடைசியில் உட்கார்ந்திருந்தான். எட்டாம் எண். மேற்சட்டையை மாட்டுவதற்கு முன் முதுகைத் திருப்பிப் பனியன் எண்ணை அவளுக்குக் காட்டினான்.

பாதி ஆட்டம்வரை கொக்கு நன்றாக ஆடினான். அதற்கப்புறம் துறைமுகத்துக்காரன் தன் இரண்டாவது விங்கை இறக்கினான். பிறகு மூன்றாவது. இரண்டு பேரும் புதுக்கால். கொக்கு அவர்களுக்குப் பின்னால் ஓடிப் போய்ச் சேர்வதற்குள் பந்து விழுந்திருக்கும். இடதுகால் மடங்காமல் பக்கவாட்டில் வீசி விழுந்தது. கட்டுத்துணியின் நுனி வெளியே வந்து ஆடியது.

"கொக்குக்கு இன்னைக்கு ஒத்தக்கால்தான் இருக்கு!" என்று துறைமுகத்துப் பக்கத்திலிருந்து ஒருவன் கத்தினான். அரங்கு சிரித்தது. கிடங்குப் பக்கத்திலும் சிரித்தார்கள்.

கடைசியான நான்காம் பகுதியில் கிடங்கு இரண்டு புள்ளி முன்னால் இருந்தது. கொக்கு பந்துக்கு எம்பி, இறங்கும்போது அந்தக் காலில் இறங்கினான். விழவில்லை. நின்ற இடத்திலேயே நின்றான். வாய் திறந்திருந்தது. ஆட்டம் அவனைத் தாண்டி மறுபக்கம் போனது. பிறகு அவன் கையை முஷ்டி பிடித்துத் தலைக்கு மேலே தூக்கினான். மாற்று ஆள் வேண்டும் என்பதற்கு அதுதான் சைகை. இத்தனை ஆண்டில் அவன் அதைச் செய்து யாரும் பார்த்ததில்லை.

"மாப்பிள்ளை, எந்திரி!" கம்ப்ரஸர்காரர் திரும்பினார். "சட்டையைக் கழட்டிட்டு ஸ்கோர் மேஜைக்கு ஓடு. அடுத்த விசிலுக்கு உள்ள போ."

மாப்பிள்ளை எழுந்தான். இடதுகையால் ஜிப்பைப் பிடித்தான். அது இறங்கவில்லை.

"என்ன?"

"மாட்டிக்கிச்சு சார்."

"இழுய்யா."

"இழுக்கறேன்."

விசில் அடித்தது. யாரோ ஒருவன்மேல் ஃபவுல் கொடுத்தார்கள். கம்ப்ரஸர்காரர் தானே வந்து சட்டையைப் பிடித்து இழுத்தார். மாப்பிள்ளை இழுபட்டான். ஜிப் அசையவில்லை. அவன் கை அதன்மேல் இருந்தது. மறுபடியும் விசில். ஆட்டம் தொடங்கிவிட்டது.

"உங்கப்பனோட ஜிப்பு! தலை வழியா உருவுய்யா!"

"உருவறேன் சார். இதோ."

கொக்கு முஷ்டியை இறக்கவில்லை. முஷ்டியைத் தூக்கியபடியே ஒற்றைக்காலால் ஓடிக்கொண்டிருந்தான். துறைமுகத்துக்காரனின் விங்கு அவனைத் தோளால் இடித்துக்கொண்டு போனான். கொக்கு கையை ஊன்றி எழுந்தான். பெஞ்சைப் பார்த்தான். மறுபடியும் முஷ்டியைத் தூக்கினான்.

கம்ப்ரஸர்காரர் நடுவரைப் பார்த்துக் கத்திக்கொண்டே மைதானத்தின் ஓரமாக ஓடினார். கடிகாரத்தில் இரண்டு நிமிடத்துக்கும் குறைவாக இருந்தது. மாப்பிள்ளை தனியாக நின்றான். பிறகு மெதுவாகத் திரும்பிப் படிக்கட்டைப் பார்த்தான். மனைவியைத்தான் பார்த்தான். வீட்டிலும் எதற்கும் முதலில் அப்படித்தான் பார்ப்பான்.

அவள் கைகளை மடியில் வைத்திருந்தாள்.

மைதானத்தில் ஒரு சத்தம் கேட்டது. அரங்கில் பாதிப் பேர் எழுந்து நின்றார்கள். கொக்கு மண்டியிட்டிருந்தான். எழுந்தான். ஓடப் பார்த்தான்.

அண்ணி அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"ஏம்மா, ஜிப் ஒண்ணும் மாட்டல. எனக்குத் தெரியுது. அவரு உன்னைத்தான் பார்க்கறாரு. உங்கண்ணன் காலு போகுதும்மா. ஒரு வார்த்தை சொல்லு, கழட்டச் சொல்லு."